கண்டிச் சீமையில் வாத்தியத்தின் மேனி

செவிக்கென்றே பிறந்த கருவிக்குக் கண்ணைக் கவரும் மேனி எதற்கு என்னும் வினா, கணினித் திரையின் முன்னமர்ந்து இசையமைக்கும் இக்காலத்து இளைஞரிடையே ஓயாது எழுந்துகொண்டிருக்கிறது. ஒலி செம்மையாக இருந்தால் திரையின் தோற்றம் எப்படியிருந்தால் என்ன என்று ஒரு சாராரும், கண்ணுக்கு இதமில்லாத கருவியில் மனம் லயிக்காது, மனம் லயிக்காத இடத்தில் இசையும் பிறவாது என்று மற்றொரு சாராரும் தத்தம் பட்சத்தை நிலைநாட்ட முயல்கின்றனர். புதிய சாதனங்களோடு கூடப் பிறந்த புதிய பிரச்சினை என்று இதனை எண்ணுவோர் பலர். ஆனால், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் கண்டி மாநகரிலும், அதனைச் சூழ்ந்த உடுநுவர, யட்டிநுவர, தும்பறை முதலிய பகுதிகளின் கிராமங்களிலும் மத்தளம் கடைந்தவரும், அரக்குப் பூசியவரும், தோல் கட்டியவரும் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கைத்தொழிலாலேயே இவ்வினாவுக்கு விடையளித்து வந்திருக்கின்றனர் என்பதும், அவ்விடை இன்றைய வாதப் பிரதிவாதங்களிற் காணப்படுவதிலும் ஆழமானது என்பதும் என் துணிபு.

தலதா மாளிகையில் விடியற்காலை, முற்பகல், அந்தி என நாளும் மூன்று வேளை ‘தேவாவ’ எனப்படும் பூஜை நிகழும்போது, மேல்மாடியில் புத்தரின் புனித தந்ததாதுவின் சந்நிதிக்கு மலரும் அன்னமும் நிவேதனமாகச் செல்ல, கீழே ஹேவிசி மண்டபத்தில் வெண்ணிற ஆடையும் செந்நிறக் கச்சையும் அணிந்த வாத்தியக்காரர் நின்று மத்தளமும் தவுலும் தம்மட்டமும் முழக்குவர். ஹொரணை என்னும் குழல் அவற்றின்மேல் ஏறி ஒலிக்கும். மலரைப் போலவும் தீபத்தைப் போலவும் ஒலியும் ஒரு நிவேதனம் என்பதே இதன் கருத்து; சப்த பூஜை என்று அதனை வழங்குவர். நிவேதனப் பொருளைத் தாங்கும் தட்டு எவ்வாறு துலக்கமாக இருத்தல் வேண்டுமோ அவ்வாறே நாதத்தைத் தாங்கும் மேனியும் சுத்தமாகவும் சுந்தரமாகவும் இருத்தல் வேண்டும் என்று முன்னோர் கருதினர். எனினும், அம்மண்டபத்தில் நின்று வாசிப்பவருள் எவரும் தம் வாத்தியத்தைக் குனிந்து பார்ப்பதில்லை. கை தானே இடமறிந்து விழுகிறது. கண்ணோ சந்நிதியை நோக்கியோ, உடன் வாசிப்பவரின் தோளசைவை நோக்கியோ இருக்கிறது. ஆகவே மேனியழகு யாருக்காக, எதற்காக என்று வினவ வேண்டியவர்களாகிறோம்.

முதலில் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். கண்டி நடனத்துக்கு உயிர்நாடியான மத்தளத்தைச் சிங்களத்தில் கெட்டபெர என்றும், மங்கல காரியங்களுக்கு உரியதாகையால் மகுல்பெர என்றும் சொல்வர். பலா, கொன்றை முதலிய மரங்களைக் குடைந்து, நடுவிற் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்குமாறு கடைந்தெடுத்து, இடப்புறம் மாட்டுத்தோலும் வலப்புறம் அதனினும் மெல்லிய தோலும் போர்த்தி, தோல்வாரால் இழுத்துக் கட்டி அதனை அமைப்பர். வலப்புறத்துக்கு முற்காலத்தில் குரங்கின் தோலையே உயர்வாகக் கொண்டனர். இப்போது பெரும்பாலும் ஆட்டுத்தோல் வழங்குகிறது. தடித்த தோல் மந்தரத்தையும் மெல்லிய தோல் தாரத்தையும் தரும். அரையிற் கட்டிக்கொண்டு நின்றும் நடந்தும் சுழன்றும் வாசிக்கவேண்டிய கருவியாதலின், நடுவிலுள்ள பருமன் இடுப்பில் அணைந்து நிற்கவும், ஒடுங்கிய முகங்கள் இரண்டும் விரிந்த உள்ளங்கைகளுக்குச் சரியாக எட்டவும் அவ்வடிவம் பொருந்தியிருக்கிறது. கண்டவுடனேயே, இதனை எவ்வாறு ஏந்துவது, எங்கே கைவைப்பது, எப்பக்கம் கனத்தது, எப்பக்கம் மெல்லியது என்பதெல்லாம் புலனாகிவிடும். உருவமே உபதேசமாக நிற்கும் கருவி அது.

தவுலும் தம்மட்டமும் இவ்வாறே தம்மைத் தாமே விளக்குவன. தவுல் நீளங்குறைந்த உருளை. அதன் ஒரு முகத்தைக் கோலாலும் மறு முகத்தைக் கையாலும் முழக்குவர். தம்மட்டமோ ஒன்றோடொன்று பிணைத்த இரு சிறு முரசுகள். நுனி வளையமாக வளைத்த இரு பிரம்புகளால் அதனைக் கொட்டுவர். ஆங்கிலேய மருத்துவர் ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட இலங்கை உள்நாட்டைப் பற்றிய நூலில் கண்டியரின் வாத்தியங்களை எடுத்து விவரித்திருக்கிறார். கண்டி இராச்சியம் வீழ்ந்து ஆறே ஆண்டுகள் கழிந்த அக்காலத்து மேளத்துக்கும் இன்று மாளிகையில் ஒலிக்கும் மேளத்துக்கும் இடையே உருவத்தில் பெரிய பேதமில்லை. மாறாமை தன்னளவில் ஒரு குணமாகிவிடாது. ஆனால் கையும் செவியும் ஒருமுறை ஒப்புக்கொண்ட வடிவத்தை மாற்றுவதற்குக் காரணம் பிறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

பயிற்சியின் தன்மையையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். மாணவன் தோலிற் கைவைக்கு முன் வாயினாற் சொல்லிப் பழகுவன தத், ஜித், தொங், நங் என்னும் நான்கு சொற்கள். மிருதங்கம் பயிலப்போகும் நம் பிள்ளைகள் முதல் நாளிற் சொல்லும் த, தி, தொம், நம் என்பனவற்றுக்கு இவை எவ்வளவு அணுக்கமானவை என்பதை எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. இச்சொற்களைக் கோத்துப் பதங்கள் அமைப்பர்; அப்பதங்களின் கால அளவைத் ‘தித’ என்பர். இரண்டு மாத்திரை கொண்டது சுளு தித, மூன்று கொண்டது மெதும் தித, நான்கு கொண்டது மகா தித; இரண்டும் மூன்றும், மூன்றும் நான்கும் எனக் கலந்து வரும் அமைப்புகளும் உள. ஏட்டில் கட்டம் போட்டு இதனை எவரும் கற்பிக்கவில்லை. குருவின் வாயிலிருந்து சிஷ்யனின் வாய்க்கும், வாயிலிருந்து கைக்கும் அது இறங்கியது. பின்னர் வரவிருக்கும் செய்திக்கு இது மிகவும் வேண்டப்படுவது.

இனி அலங்காரத்துக்கு வருவோம். கண்டியின் வாத்தியங்களுள் கண்ணுக்கு மிக விருந்தானது உடெக்கி என்னும் சிறு கைப்பறை. நம் உடுக்கையின் உடன்பிறப்பான இதனை ஆடுபவர் ஒரு கையில் ஏந்தி, இடைப்பகுதியைச் சுற்றியுள்ள கயிற்றை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்கி, மறு கையின் விரல்களால் முழக்கிக்கொண்டே பாடி ஆடுவர். இதன் மேனி முழுவதும் அரக்கு வேலை. மாத்தளைப் பகுதியின் ஹப்புவிதையும் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹுரிக்கடுவையும் இவ்வேலைக்குப் பேர்போனவை. கடைசற்காரர் மரத்தைப் பட்டடையிற் பூட்டிச் சுழலவிட்டு, வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்திப் பிடிப்பார். உராய்வின் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்திற் படியும். மேலும் கீழும் அதனைப் பரப்பியபின் தாளிப்பனையோலை நறுக்கை வைத்து அழுத்தித் தேய்க்க, முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு வந்துவிடும். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்கு விளக்குக்கரி என்பன மரபான சேர்க்கை. கடைசலில் அமையும் வளையக் கோடுகளைத் தவிர, நகவேலை என்று பொருள்படும் ‘நியபொத்து வெட’ என்ற மற்றொரு முறையும் உண்டு; கரிநெருப்பில் வாட்டிய அரக்கை நூல் போல இழுத்து, கோலின்மீதோ பிடியின்மீதோ ஒட்டி, வேண்டிய அளவிற் கட்டைவிரல் நகத்தாலேயே கிள்ளிக் கிள்ளிச் சித்திரம் அமைப்பது அது. உலோகக் கருவி எதுவும் அங்கே குறுக்கிடுவதில்லை, நகமே உளி.

இத்தொழில்களை உலகறியச் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராக 1877 இல் கொழும்பிற் பிறந்த அப்பெருமகன், கனிப்பொருள் ஆய்வுத்துறையின் அதிபராக மலைநாடெங்கும் சுற்றிய காலத்தில் கல்லைத் தேடிச் சென்ற இடங்களிலெல்லாம் கலையைக் கண்டார். 1905 இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்து, முன்னோர் கட்டிவைத்த கட்டடங்களும் கைத்தொழில்களும் அழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது தகுமா என்று முறையிட்டார். 1908 இல், ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மொரிஸ் முன்பு உபயோகித்த அதே அச்சுப்பொறியில் 425 பிரதிகள் மட்டும் அச்சிடுவித்து அவர் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், கடைசற்காரரையும் அரக்குத் தொழிலாளரையும் ஓவியரையும் தச்சரையும் அவர்தம் வழக்கங்களோடும் கருவிகளோடும் பதிவு செய்கிறது. ஒரு தமிழ்மகன் சிங்களக் கைவினைஞரின் திண்ணையில் அமர்ந்து அவர்களுடைய வித்தையை இவ்வளவு பக்தியுடன் எழுதிவைத்தான் என்பது, இந்நாட்டின் பிற்கால வரலாற்றைப் படித்து மனம் நொந்தவர்களுக்கு ஆறுதலான செய்தி.

அரக்குப் பூச்சால் உடெக்கியின் நாதம் கூடுமா என்று கேட்டால், கூடாது என்றே சொல்லுதல் வேண்டும். நாதம் தோலிலிருந்தும் குடைவிலிருந்தும் கயிற்றின் இறுக்கத்திலிருந்தும் பிறக்கிறது. ஆனால் மழையும் மூடுபனியும் நீங்காத மலைநாட்டில் மரத்துக்குள் ஈரம் ஏறாமல் அப்பூச்சு காக்கிறது. அது முதற் பயன். ஆடுபவன் கையைச் சுழற்றும்போது சிவப்பும் மஞ்சளுமான வளையங்கள் அவன் கைவீச்சைத் தொலைவிலுள்ளோருக்கும் காட்டுகின்றன. தாளம் காதுக்கு வருமுன் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அது இரண்டாவது. மூன்றாவதையும் மறத்தலாகாது: இவ்வளவு சிரத்தையுடன் ஒருவர் கடைந்து, மற்றொருவர் நகத்தாற் கிள்ளி அழகுபடுத்திய பொருளைக் கையில் ஏந்துபவன், அதனை அலட்சியமாக வாசிக்க மனம் ஒவ்வான். கண்ணுக்குரிய அழகு கைக்கு மரியாதையைக் கற்பிக்கிறது. இது அளந்து காட்டக்கூடிய பயனன்று. ஆயினும் வாத்தியம் வாசித்தவர் எவரும் இதனை மறுக்கமாட்டார்.

கண்டியின் கடைசி அரச பரம்பரையான நாயக்கர் காலத்தில் இம்மரபு பெரிதும் செழித்தது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆண்ட 1747 முதல் 1782 வரையிலான காலத்தில், 1753 இல் சீயத்துப் பிக்குகள் வந்து உபசம்பதை என்னும் உயர்துறவுச் சடங்கை மீண்டும் நிலைநிறுத்திய சூழ்நிலையில், நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களுக்கு உரியதாயிருந்த எசல பெரகரா என்னும் ஊர்வலத்தில் தந்ததாதுவுக்கு முதலிடம் அமைந்தது. கொப்பரைத் தீவட்டிகளின் வெளிச்சத்தில் வரிசை வரிசையாக மத்தளக்காரர் அசைந்து செல்லும் இராக்காலக் காட்சியில், ஒலியும் உருவமும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றாகிவிடுகின்றன. ஆயினும் இம்முழக்கத்தைக் கொடுத்தவர்களைச் சமூகம் எவ்வாறு நடத்தியது என்பதைச் சொல்லாது விடுவது அதர்மம். பெரவா எனப்படும் மேளகாரச் சாதியார், கோயில் மானிய நிலத்துக்கு ஈடாக முறை வைத்துச் சேவகம் செய்யக் கடமைப்பட்டவர்களாய், சந்நிதியில் முன்னிடமும் ஊரிற் பின்னிடமும் பெற்று வாழ்ந்தனர். 1815 இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1832 இல் இராசகாரியம் என்னும் கட்டாயச் சேவை பொதுவில் ஒழிந்தது. கோயில் நிலங்களிலோ அது நீடித்தமையால், 1870 இல் சேவைக்குப் பதிலாகப் பணமளித்து விலகிக்கொள்ளவும் சட்டம் வழிசெய்தது. விலகியவர் விலகினர். விலகாது நின்று, இழிவையும் பொறுத்து, வித்தையைக் கைவிடாது காத்தவர்களின் பேரர்களே இன்று மாளிகையில் வாசிப்போரிற் பலர். வித்தை பாடசாலைகளுக்குள் வந்து எல்லாச் சாதிப் பிள்ளைகளும் மத்தளம் பயிலும் நிலை சுதந்திரத்துக்குப் பின்னரே உண்டாயிற்று.

1867 இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1875 இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அவருக்காகப் பெரகரா காட்டினர். 1882 இல் கண்டியக் கலைச் சங்கம் தோன்றிக் கைவினைஞருக்கு ஆதரவளிக்க முற்பட்டது. யாத்திரிகர் பெருகப் பெருக, வாசிப்பதற்கல்லாமல் வாங்கிச் செல்வதற்கென்றே செய்யும் மத்தளங்களும் பெருகின. ஏரிக்கரைத் தெருக்களில் இன்றும் அவற்றைக் காணலாம்: பளபளக்கும் மெருகும், யானையும் தாமரையும் தீட்டிய பக்கமும், ஆணியடித்து ஒட்டிய மெல்லிய தோலும் கொண்ட சிறு பொம்மைகள். இரு முகத்திலும் ஒரே தோல். தட்டினால் இரண்டிலும் ஒரே ஒலி. மந்தரமும் தாரமும் இல்லாத மத்தளம் மத்தளமாகாது. அலங்காரம் வாத்தியத்தைக் கெடுத்துவிட்டது என்று சிலர் இதனைக் காட்டிப் பழிப்பார்கள். அலங்காரத்தின்மேற் குற்றமில்லை, கை அறியவேண்டிய வேற்றுமையை மறைத்துவிட்டுக் கண்ணை மட்டும் குளிர்விக்க முயன்றதே குற்றம்.

இதற்கு நேர் எதிரான சான்று, கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில், நம்மவரின் கையிலேயே இருக்கிறது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட காலத்துக்கு முன்பே, கோப்பித் தோட்டங்களுக்கென்று மதுரை, திருச்சி, சேலம் ஆகிய சீமைகளிலிருந்து கால்நடையாகவும் கப்பலிலும் வந்த தொழிலாளர் தம்மோடு தப்பையும் கொண்டுவந்தனர். பொழுது புலருமுன் லயங்களில் உறங்குவோரை எழுப்பி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு அழைத்த பிரட்டுத் தப்பும், மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு ஊரைக் கூட்டிய தப்பும், பிணத்தின் முன் சென்ற தப்பும் ஒன்றே. வட்டமான மரச்சட்டம், அதன்மேல் இழுத்துப் போர்த்திய தோல், இடக்கையில் நீண்டு மெலிந்த ஒரு குச்சி, வலக்கையிற் குறுகித் தடித்த ஒரு குச்சி: இவ்வளவுதான். வண்ணமில்லை, மெருகில்லை. அடிப்பதற்கு முன் சருகைக் கூட்டித் தீமூட்டி, தப்பின் முகத்தை அனலுக்கு நேரே காட்டிச் சுழற்றிச் சுழற்றிக் காய்ச்சுவர். இடையிடையே விரலாற் சுண்டிப் பார்த்து, தளர்ந்து மந்தமாயிருந்த ஒலி இறுகிக் கணீரென்று எழுந்தவுடன் எடுத்துத் தோளில் மாட்டுவர். ஹந்தானை மலையின் பனியில் அரை மணி நேரம் அடித்தால் மறுபடியும் காய்ச்சவேண்டியதுதான்.

அலங்காரம் ஏதுமற்ற இக்கருவி உடெக்கியினும் தாழ்ந்ததா? ஒருபோதும் இல்லை. அதன் மேனியில் ஒளித்துவைத்தது எதுவுமில்லை; அடிபட்டு வழவழப்பான இடம் எது, குச்சி விழவேண்டிய இடம் எது என்பதைத் தோலே காட்டுகிறது. உடெக்கியும் தப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. காண்பது எதுவோ அதுவே கேட்பது. ஒன்று அந்த உண்மையின்மேல் அழகைச் சூட்டியது. மற்றொன்றுக்கு அழகைச் சூட்டப் பொருளும் இல்லை, ஓய்வும் இல்லை. கடைத்தெரு மத்தளத்திலோ அழகு உண்டு, உண்மை இல்லை. கண்டிச் சீமையின் வாத்திய வரலாற்றிலிருந்து நான் பெறும் அளவுகோல் இதுவே.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு இன்றைய கணினி இசைக் கருவிகளைப் பார்ப்போமாயின், வாதத்தின் முகமே மாறிவிடுகிறது. 1980 இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 என்னும் தாளப்பொறியில் பதினாறு பொத்தான்கள் வரிசையாக, நான்கு நான்காகச் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெள்ளை என நிறம் பெற்றிருந்தன; அந்நிறங்கள் வெறும் ஒப்பனையல்ல, தாளத்தின் அங்கங்களைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டியவை. 1989 இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் கியூபேஸ் என்னும் மென்பொருளைக் கொண்டுவந்தபோது, இசை இடமிருந்து வலமாக ஓடும் பட்டைகளாகத் திரையில் விரிந்தது. சுவீடனின் புரொப்பெல்லர்ஹெட் நிறுவனத்தார் 2000 இல் வெளியிட்ட ரீசன், இரும்புச் சட்டத்தில் அடுக்கிய மின்கருவிகளைத் தத்ரூபமாக வரைந்துகாட்டி, பின்புறம் திருப்பினால் ஊசலாடும் கம்பிகளையும் காட்டியது. மறு ஆண்டு பெர்லினில் தோன்றிய ஏபிள்டன் லைவ் அவ்விதச் சித்திரங்களையெல்லாம் ஒதுக்கித் தட்டையான கட்டங்களை மட்டும் வைத்தது. சித்திரம் வேண்டும், வேண்டாம் என்று இரு கட்சியாரும் இவற்றை வைத்தே வாதிடுகின்றனர். ரீசனின் கம்பிகள் ஒலி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைக் கற்பித்தன. ஆதலால் அச்சித்திரத்துக்குப் பொருளுண்டு. லைவின் கட்டங்கள் எதை எப்போது தொடங்கலாம் என்பதை ஒரு பார்வையிற் காட்டின. ஆதலால் அவ்வெறுமைக்கும் பொருளுண்டு. கையால் திருகவே முடியாத திருகுகுமிழுக்கு மரநிழலும் உலோக மினுக்கமும் வரைந்து விற்கும் மற்றப் பல கருவிகளோ ஏரிக்கரை மத்தளத்தின் உறவினர்.

ஆயினும் கண்டிப் பகுதியில் இருந்து இசையமைக்கும் ஓர் இளைஞனுக்கு இவற்றிலும் பெரிய இடர் ஒன்றுண்டு. இம்மென்பொருள்களிற் பலவற்றைத் திறந்தவுடன் நிமிடத்துக்கு 120 தட்டு, நான்கு நான்காகப் பிரித்த கட்டம் என்னும் ஏற்பாடே முதலிற் கண்ணிற் படுகிறது. அதனை மாற்ற வழியிருக்கிறது. ஆனால் கண் முதலிற் கண்டதற்கே கை பழகுகிறது. மகா தித அங்கே தானாகவே அமர்ந்துவிடும். இரண்டும் மூன்றும் கலந்த தித, கோட்டுக்குக் கோடு இடறி, பிழை போலத் தோற்றமளிக்கும். மத்தளத்தின் இரு முகங்களோ திரையில் இல்லவே இல்லை. பியானோக் கட்டைகளின் பக்கவரிசையில், மேல்நாட்டுப் பெருமுரசுக்கும் சிறுமுரசுக்கும் முன்னமே ஒதுக்கிய எண்களுக்கு நடுவே, தத் ஓரிடத்திலும் தொங் ஓரிடத்திலும் சிதறிக் கிடக்கும். தப்பின் இரு குச்சிகளுக்கும் அதே கதி. ஒலிப்பதிவு எவ்வளவு துல்லியமாயிருப்பினும், இடக்கைக்கும் வலக்கைக்கும் உள்ள உறவு கண்ணுக்கு மறைந்துவிட்ட பின், பயில்பவன் அவ்வுறவை எங்கிருந்து கற்பான்? குருவின் வாயிலிருந்து கைக்கு இறங்கிய வித்தை, திரையில் அந்தக் கையையே இழந்து நிற்கிறது. தோற்றம் முக்கியமன்று என்போர் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை; திரையின் அமைப்பு இங்கே தாளத்தையே மாற்றிவிடுகிறது.

ஹேவிசி மண்டபத்தில் நிற்பவருக்குத் தம் வாத்தியத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அதன் வடிவம் அவர் உடம்பில் முன்பே ஏறிவிட்டது. திரையின் முன்னமர்ந்தவனுக்கோ பார்ப்பதன்றித் தொடுவதற்கு எதுவுமில்லை. அவனுக்கு உருவமே முழு ஆதாரம். ஆகவே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திலும் நகரின் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் கணினி பயிலும் தமிழ், சிங்கள மாணவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுண்டு. மகுல்பெரவின் இரு முகங்களையும், தப்பின் இரு குச்சிகளையும், சுளு, மெதும், மகா என்னும் திதங்களையும் உள்ளவாறு காட்டும் திரை ஒன்றை வரையுங்கள். அதற்கு முன், மாளிகையில் முறைக்கு நிற்கும் வாத்தியக்காரர் ஒருவரிடமும், தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்படிக்கும் பெரியவர் ஒருவரிடமும் சென்று, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவ்விருவருடைய கைகளும் இன்னும் தளரவில்லை. இப்பணியை இந்தத் தலைமுறையிலேயே தொடங்கிவிடுதல் வேண்டும்.